குட்டியா, குள்ள இனமா? தாபிர் மண்டையோட்டின் வளர்ச்சியை வாசிப்பது எப்படி

மண்ணுக்குள்ளிருந்து ஒரு சிறிய மண்டையோடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பெரிய விலங்கொன்றின் குட்டியுடையதா, அளவில் சிறிய இனமொன்றின் முழுதாக வளர்ந்த விலங்குடையதா? இதற்குப் பிழையான விடை சொன்னால் இல்லாத இனமொன்றுக்குப் பெயர் வைத்துவிடுவோம். அல்லது உண்மையில் வாழ்ந்து மறைந்த இனமொன்றை வேறொன்றின் குட்டி என்று தள்ளிவிடுவோம். தொல்லுயிரியலில் இரண்டுமே நடந்திருக்கின்றன.

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பக் கவனித்திருக்கிறேன். பரிணாமம் என்றதும் அவர்கள் மனதில் எழுவது வளர்ந்த விலங்குகளின் வரிசை. பாடநூல் படங்கள் அப்படித்தான் இருக்கின்றன: வளர்ந்த குதிரை, வளர்ந்த யானை, வளர்ந்த மனிதன். குட்டிகளுக்கு அந்தப் படங்களில் இடமில்லை. ஆனால் கருவிலிருந்து முதுமை வரை ஒரு விலங்கு எடுக்கும் உருவங்கள் அத்தனையும் சேர்ந்ததுதான் அதன் இனம். பரிணாமம் வளர்ந்த உருவத்தை நேரடியாகத் தொட்டு மாற்றுவதில்லை. அந்த உருவத்துக்கு இட்டுச்செல்லும் வளர்ச்சியை மாற்றுகிறது. இதை விளங்கிக்கொள்ள எனக்குத் தெரிந்தவற்றுள் மிக நல்ல விலங்கு தாபிர். அழிந்த இனங்களின் குட்டிகளும் வளர்ந்தவையும் சேர்ந்து கிடைப்பது முலையூட்டிகளில் மிக அரிது. தாபிரில் அது கிடைத்திருக்கிறது.

தாபிர் யாருடைய உறவு?

பன்றியைப் போன்ற உடல், குறுகிய தும்பிக்கை. பார்த்தவுடன் பன்றிக்கும் யானைக்கும் இடைப்பட்டது என்று சொல்லத் தோன்றும். இரண்டுடனும் அதற்கு நெருங்கிய உறவு கிடையாது. குதிரை, கழுதை, காண்டாமிருகம் அடங்கிய ஒற்றைக் குளம்பிகளின், அதாவது உடலின் பாரத்தை நடுவிரல் தாங்கும் குளம்பு விலங்குகளின், கூட்டத்தைச் சேர்ந்தது அது. முன்காலில் நான்கு விரல்களும் பின்காலில் மூன்று விரல்களும் இருக்கின்றன. அப்படிப் பார்த்தால் மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதைகளும் நெடுந்தீவின் புல்வெளியில் மேயும் குதிரைகளும் தாபிரின் தூரத்துச் சொந்தங்கள். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளின் சரளை மண்ணிலிருந்து கிடைத்த காண்டாமிருக எச்சங்களும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவைதான். அவற்றை ஆராய்ந்து பெயரிட்டவர் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பீ. ஈ. பீ. தெரணியகல.

இலங்கைக் காடுகளில் தாபிர் இல்லை. நமக்கு அண்மையில் இருப்பது வங்காள விரிகுடாவுக்கு அப்பால், சுமாத்திராவிலும் மலாய்த் தீபகற்பத்திலும் மியன்மார், தாய்லாந்துக் காடுகளிலும் வாழும் மலாயத் தாபிர். உடலின் முன்பகுதியும் கால்களும் கறுப்பு, முதுகும் பின்புறமும் வெள்ளை. மற்ற மூன்று இனங்களும் அமெரிக்கக் கண்டத்தில் இருக்கின்றன: தென்னமெரிக்கத் தாழ்நிலத் தாபிர், அந்தீஸ் மலைத் தாபிர், மத்திய அமெரிக்காவின் பெயர்டு தாபிர். 2013இல் அமேசன் பகுதியிலிருந்து ஐந்தாவது இனமொன்றை அறிவித்தார்கள். அது தனி இனம்தானா என்ற விவாதம் ஓயவில்லை.

ஆசியாவில் ஒன்று, பசுபிக் பெருங்கடலைத் தாண்டி மூன்று. இந்த விசித்திரமான பரம்பலுக்குக் காரணம் இடையிலிருந்தவை அழிந்துபோனதுதான். ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும் பகுதியிலும் வட அமெரிக்காவிலும் தாபிர்கள் வாழ்ந்தன. பனாமா நிலத்தொடுப்பு உருவான பிறகுதான் அவை தென்னமெரிக்காவுக்குள் நுழைந்தன. வட அமெரிக்காவின் கடைசித் தாபிர்கள் பனியுகத்தின் முடிவில், மற்றப் பெரிய விலங்குகள் பலவற்றோடு சேர்ந்து மறைந்தன.

மண்டையோடு ஒரே சீராகப் பெருப்பதில்லை

பச்சைக் குழந்தையின் உச்சிக்குழியை எல்லாரும் தொட்டுப் பார்த்திருப்போம். மண்டையோடு ஒரே என்பு அல்ல என்பதற்கு அதுவே கண்கூடான சான்று. பல தனி என்புகள் ஓரங்களில் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அந்தப் பொருத்துகளின் விளிம்புகளில் புதிய என்பு படிவதால் மண்டையோடு விரிகிறது. வளர்ச்சி முடியும்போது அவற்றில் பல ஒட்டிக்கொள்கின்றன. முதிர்ந்த விலங்கில் சில பொருத்துகளின் தடமே தெரியாது.

எல்லா என்புகளும் ஒரே வேகத்தில் வளர்வதுமில்லை. பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. வளர்ந்தவரில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். மூளை முந்திக்கொண்டு வளர்கிறது, ஆறு வயதளவில் தன் இறுதி அளவின் பெரும்பகுதியை எட்டிவிடுகிறது. முகமும் தாடையும் பின்னால் மெதுவாக வந்து சேர்கின்றன. குழந்தையின் முகம் நமக்குக் குழந்தை முகமாகத் தெரிவதற்குப் பெரிய நெற்றியும் பெரிய கண்களும் சின்னத் தாடையும்தான் காரணம்.

முலையூட்டிகள் பெரும்பாலானவற்றில் இதே ஒழுங்கைக் காணலாம், தாபிரிலும் அப்படியே. பதின்மூன்று மாதங்கள் கருவில் இருந்து பிறக்கும் தாபிர்க் குட்டிக்கு உடலெங்கும் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். சில மாதங்களில் அவை மறைந்துவிடும். அந்தக் கோடுகளைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். அவற்றின் கீழே, தோலுக்குள் நடப்பது இன்னும் சுவையானது. குட்டியின் மண்டையோட்டில் மூளைப்பெட்டி உருண்டு, வழவழப்பாக இருக்கும். கண்குழி பெரிது, முகம் குட்டை. வளர வளர முகம் முன்னோக்கி நீள்கிறது, கன்ன என்பின் வளைவு அகல்கிறது, நெற்றிக்குள் காற்றறைகள் விரிகின்றன, மூளைப்பெட்டியின் மேல் தசை ஒட்டும் விளிம்புகள் எழுகின்றன.

அந்த விளிம்புகள் ஏன் எழுகின்றன? மெல்லும் தசைகளில் முக்கியமான ஒன்று தலையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு உங்கள் நெற்றிப்பொட்டில் விரலை வையுங்கள், அந்தத் தசை அசைவது தெரியும். உடல் பெருக்கும்போது உணவும் கூடவேண்டும், அதை மெல்லும் தசையும் பெருக்கவேண்டும். ஆனால் அந்தத் தசைக்கு இடம் கொடுக்கும் மூளைப்பெட்டி தன் வளர்ச்சியை முன்னரே முடித்துக்கொண்டுவிட்டது. தசை மேல்நோக்கி ஏறுகிறது. இரு பக்கத் தசைகளின் மேல் எல்லையிலும் ஒவ்வொரு என்பு வரம்பு உருவாகிறது. இரண்டு வரம்புகளும் நடுவில் வந்து சந்தித்தால் ஒரே முகடாக நிமிர்ந்து நிற்கும். சந்திக்காவிட்டால் இடையில் தட்டையான ஒரு மேடை எஞ்சும். தாபிர் ஆய்வில் இந்த முகட்டைப் பற்றிய பேச்சுத்தான் அதிகம். அதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

கணக்கில் பார்த்தால்

உறுப்புகள் வெவ்வேறு வேகத்தில் வளர்வதை அளக்க ஒரு முறை உண்டு. இலக்கங்களை விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொள்கிறேன். குட்டியொன்றின் மண்டையோடு 20 சென்ரிமீற்றர் நீளம். மூளைப்பெட்டியின் அகலம் 8, முகத்தின் நீளம் 7. வளர்ந்த விலங்கில் மண்டையோடு 40, மூளைப்பெட்டி 11, முகம் 18. மூன்றுமே கூடியிருக்கின்றன. ஆனால் விகிதத்தைப் பாருங்கள். குட்டியில் மூளைப்பெட்டியின் அகலம் மண்டையோட்டு நீளத்தின் 40 சதவீதம்; வளர்ந்ததில் 27.5 சதவீதம். முகமோ 35 சதவீதத்திலிருந்து 45 சதவீதத்துக்கு ஏறியிருக்கிறது.

இனி இந்த அளவுகளின் மடக்கையை எடுத்து, மண்டையோட்டின் நீளத்துக்கு எதிராக வரைபில் குறித்தால், வளைந்து போகவேண்டிய கோடு பெரும்பாலும் நேர்கோடாக வரும். அந்தக் கோட்டின் சரிவைக் காட்டும் படித்திறன்தான் நமக்கு வேண்டியது. படித்திறன் 1 என்றால் அந்தப் பகுதி முழு மண்டையோட்டோடு சரிசமமாக வளர்கிறது. 1ஐ விடக் கூடினால் முந்துகிறது, குறைந்தால் பிந்துகிறது. மேலே சொன்ன இலக்கங்களில் முகத்தின் படித்திறன் ஏறக்குறைய 1.36, மூளைப்பெட்டியின் படித்திறன் 0.46. இந்தச் சமனற்ற வளர்ச்சிக்கு அலோமெட்ரி என்று 1936இல் பெயரிட்டவர்கள் ஜூலியன் ஹக்ஸ்லியும் ஜோர்ஜ் தெய்சியேயும். ஹக்ஸ்லி அதற்கு முன்பே, ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருக்கும் நண்டை எடுத்து, உடல் வளர்வதைவிட அந்தக் கொடுக்கு எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று அளந்து காட்டியிருந்தார். நீர்கொழும்புக் களப்பின் கண்டற் சேற்றில் கொடுக்கை ஆட்டிக்கொண்டு நிற்பவை அதே வகை நண்டுகள்தான்.

நீள அகலம் மட்டும் போதாத இடங்களும் உண்டு. முகட்டின் சரிவு, கண்குழியின் வளைவு போன்றவற்றை அடிமட்டம் பிடிக்காது. அதற்கு எல்லா மண்டையோடுகளிலும் ஒரே இடத்தைக் குறிக்கும் புள்ளிகளைத் தெரிவுசெய்கிறார்கள். மூன்று என்புகள் சந்திக்கும் மூலை, மூக்கென்பின் முனை, கடைசிக் கடைவாய்ப்பல்லின் பின் விளிம்பு என்று பல. பின்னர் கணினியில் எல்லா மண்டையோடுகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒரே திசைக்குத் திருப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறார்கள். அளவையும் கிடக்கையையும் நீக்கிய பிறகு எஞ்சும் வேறுபாடு முழுக்க உருவ வேறுபாடு. அந்த உருவம், தனியாக எடுத்து வைத்த அளவோடு சேர்ந்து எப்படி மாறுகிறது என்று பார்த்தால் வளர்ச்சிப் பாதை கண்முன் விரிகிறது.

பாதையும் தரிப்பிடமும்

“சேர், இரண்டு வளர்ந்த மண்டையோடுகளை ஒப்பிட்டாலே வித்தியாசம் தெரிகிறதே, குட்டிகள் எதற்கு?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. வித்தியாசம் தெரியும், அது எப்படி வந்தது என்பது தெரியாது.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து புறப்படும் ரயில்களை நினைத்துப் பாருங்கள். ஒன்று வவுனியாவோடு நின்றுவிடுகிறது, இன்னொன்று காங்கேசன்துறை வரை போகிறது. இறங்கும் ஊர்கள் வேறு, ஆனால் தண்டவாளம் ஒன்றுதான். ஒன்று முன்னரே நின்றுவிட்டது, அவ்வளவுதான். மட்டக்களப்பு ரயிலும் முதலில் அதே பாதையில்தான் வருகிறது, மாகோவில் பிரிந்து கிழக்கே திரும்புகிறது. மாத்தறை ரயிலோ தொடக்கத்திலேயே கரையோரமாக வேறு பக்கம் போய்விடுகிறது. இறங்கிய ஊரை மட்டும் பார்த்து யார் எந்தப் பாதையில் வந்தார்கள் என்று சொல்ல முடியாது. இடையிலுள்ள நிலையங்கள் தெரியவேண்டும். குட்டிகளின் மண்டையோடுகள்தான் அந்த நிலையங்கள்.

இரண்டு தாபிர் இனங்களின் வளர்ச்சியை ஒரே வரைபில் குறிக்கும்போது ஆய்வாளர் தேடுவது இதைத்தான். இரண்டும் ஒரே கோட்டில் விழுந்து, ஒன்று மட்டும் முன்னரே முடிந்தால், சிறிய இனத்தின் வளர்ந்த விலங்கு பெரிய இனத்தின் இளம் விலங்கைப் போலத் தோன்றும். கோடுகள் சமாந்தரமாக ஓடினால், வேறுபாடு பிறப்புக்கு முன்பே ஏற்பட்டுவிட்டது. கோடுகள் விரிந்துகொண்டே போனால், பிறந்த பின் வளரும் முறையே மாறியிருக்கிறது. வளர்ந்த விலங்குகளை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

பல் காட்டும் வயது

உயிர்ச்சுவட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அதனால் முதலில் பல்லைப் பார்க்கிறோம். அளவைப் பார்த்து வயது சொல்லத் தொடங்கினால் நாம் நிரூபிக்கவேண்டியதையே முன்கூட்டி நம்பியவர்களாகிவிடுவோம்.

ஓர் இளம் தாபிரின் மேல்தாடையைக் கையில் எடுத்தால் என்ன தெரியும்? முன்பக்கம் சிறிய வெட்டும்பற்கள். அவற்றில் மூன்றாவது, வளர்ந்த விலங்கில் வேட்டைப்பல்லைவிடப் பெரிதாகக் கூராகிவிடும். உண்மையான மேல் வேட்டைப்பல் பக்கத்தில் ஒடுங்கிக் கிடக்கும். பிறகு பற்களில்லாத இடைவெளி. அதற்குப் பின்னால் பாற்பற்கள், அவற்றின் வரம்புகள் தேய்ந்து உள்ளே உள்ள மங்கலான பகுதி வெளியே தெரிகிறது. அவற்றுக்கு அடுத்து, இன்னும் கூர்மை மழுங்காத முதலாவது நிலையான கடைவாய்ப்பல். தேய்ந்த பல்லுக்குப் பின்னால் புதுப்பல் நிற்பதைக் கண்டதும் இது குட்டி என்று தெரிந்துவிடும். இன்னும் பின்னால், தாடையென்பில் ஒரு குழி. அதற்குள் பாதி உருவான இரண்டாவது கடைவாய்ப்பல் வெளிவரக் காத்திருக்கிறது. சிரி (CT) ஸ்கேன் எடுத்தால் என்பை உடைக்காமலே அதைப் பார்க்கலாம்.

கடைசிக் கடைவாய்ப்பல், அதாவது மூன்றாவது, முளைத்துத் தேயத் தொடங்கிவிட்டால் அந்த விலங்கை வளர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு தேய்வின் அளவு இளையதையும் முதியதையும் பிரித்துக் காட்டும். இப்படிக் கிடைப்பது ஆண்டுக் கணக்கு அல்ல, பருவ வரிசை. ஒப்பீட்டுக்கு அது போதும். மண்டையோட்டின் நீளம் எவ்வளவாக இருந்தாலும், கடைசிப் பல் தேய்ந்திருந்தால் அது குட்டி அல்ல. கட்டுரையின் முதல் கேள்விக்கு விடை சொல்லும் திறவுகோல் இதுதான்.

தெனசியின் குள்ளத் தாபிர்கள்

2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் தெனசி மாநிலத்தில், கிரே என்ற சிற்றூருக்கு அருகே வீதியை அகலமாக்கத் தோண்டினார்கள். கறுப்புக் களிமண்ணுக்குள்ளிருந்து என்புகள் வரத் தொடங்கின. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன், சுண்ணாம்புப் பாறை உள்வாங்கி உருவான பள்ளத்தில் தேங்கிய குளம் அது. காலம் ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். வீதியை வேறு பக்கம் திருப்பிவிட்டு இடத்தைக் காப்பாற்றினார்கள். வளர்ச்சித் திட்டத்துக்காகத் தொல்லிடங்கள் அழிக்கப்படுவதையே கேட்டுப் பழகிய எனக்கு இந்த முடிவு மிகப் பெரிய விடயமாகப் படுகிறது. அந்தக் குளத்திலிருந்து சிவப்புப் பாண்டாவின் உறவினம் ஒன்றும் காண்டாமிருகமும் முதலைக் கூட்டத்து அலிகேற்றரும் கிடைத்தன. எல்லாவற்றையும்விட அதிகமாகக் கிடைத்தவை தாபிர்கள்.

2009இல் அவற்றைப் பற்றிய விரிவான ஆய்வு வெளிவந்தபோது குறைந்தது 75 தாபிர்கள் கணக்கில் வந்திருந்தன. பின்னர் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. உலகில் வேறெந்த உயிர்ச்சுவட்டு இடத்திலும் இத்தனை தாபிர்கள் ஒன்றாகக் கிடைத்ததில்லை. பாற்பல் குட்டிகளிலிருந்து பல் தேய்ந்த முதியவை வரை எல்லாப் பருவத்தினவும் அவற்றுள் அடங்கும். இனத்தின் பெயர் தாபிரஸ் போல்கென்சிஸ். புளோரிடாவின் போல்க் பகுதியில் கிடைத்த சிறு எச்சங்களை வைத்து 1960இல் இந்த இனத்துக்குப் பெயரிட்டபோது அதை வேறொரு பேரினத்தில் சேர்த்திருந்தார்கள். முழு மண்டையோடுகள் கிடைத்த பிறகுதான் இன்றைய தாபிர்களின் பேரினத்திலேயே அதற்கு இடம் கிடைத்தது.

இவை சிறிய தாபிர்கள். வளர்ந்த விலங்கின் எடை சராசரியாக 125 கிலோகிராம் அளவில் இருந்திருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். மலாயத் தாபிர் 250 முதல் 350 கிலோகிராம் வரை சாதாரணமாகவே எட்டும். கிரேயில் கிடைத்த பெரிய மண்டையோடுகளில் கடைசிக் கடைவாய்ப்பல் முளைத்துத் தேய்ந்திருக்கிறது. ஆகவே அவை பெரிய இனமொன்றின் குட்டிகள் அல்ல, வளர்ந்த குள்ளத் தாபிர்கள்தான்.

அந்தத் தொகுதியின் பெறுமதி அதோடு முடியவில்லை. ஒரே குளத்தின், ஒரே இனத்தின் விலங்குகளுக்குள்ளேயே மூக்கென்பின் வடிவம் மாறுபடுகிறது, மண்டையின் மேல் முகடு உருவாகும் விதம் மாறுபடுகிறது, பல்லின் சிறு முகைகளும்கூட மாறுபடுகின்றன. இவற்றில் ஒரு பகுதி வயதால் வந்தது, இன்னொரு பகுதி தனி விலங்குகளுக்கிடையே இயல்பாக இருக்கும் வேறுபாடு. இவற்றுள் நாலைந்து மண்டையோடுகள் மட்டும், அதுவும் வெவ்வேறு இடங்களில் கிடைத்திருந்தால், கவனமான ஆய்வாளர்கூட இரண்டு மூன்று இனங்களாகப் பிரித்திருக்க வாய்ப்புண்டு. பெரிய தொகுதி ஒன்று கையில் இருக்கும்போதுதான் ஓர் இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கலாம் என்பதற்கு எல்லை தெரிகிறது.

முகட்டுக்குத் திரும்புவோம்

உடல் பெருத்தால் தசை பெருக்கும், மூளைப்பெட்டியில் இடம் போதாமல் முகடு எழும் என்று மேலே சொன்னேன். அப்படியானால் பெரிய தாபிருக்குப் பெரிய முகடும் சிறிய தாபிருக்குச் சிறிய முகடும் இருக்கவேண்டும். வாழும் இனங்களில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். நால்வரில் மிகப் பெரியது மலாயத் தாபிர். அதன் மண்டையோட்டின் மேல் உயர்ந்த முகடு இல்லை. இரு வரம்புகளுக்கிடையே தட்டையான மேடைதான் இருக்கிறது. அதைவிடச் சிறிய தென்னமெரிக்கத் தாழ்நிலத் தாபிருக்கு உயர்ந்து வளைந்த ஒற்றை முகடு இருக்கிறது, பிடரியில் குட்டை மயிர் வரிசையோடு தலையின் வெளித்தோற்றத்திலேயே அது தெரியும். கணக்கு எதிர்மாறாக வருகிறது.

அளவு மட்டும் முகட்டைத் தீர்மானிக்கவில்லை என்பது இதிலிருந்து தெளிவு. பெயர்டு தாபிருக்கும் மேடை வகைதான். இந்த இனங்களின் குட்டிகளைப் பார்த்தால் காரணம் கொஞ்சம் பிடிபடுகிறது: தாழ்நிலத் தாபிரில் ஒற்றை முகட்டின் தொடக்கம் இளம் பருவத்திலேயே தெரிகிறது. மற்றவற்றில் இரு வரம்புகள் தனித்தனியே தோன்றி, வயதோடு நடுவை நோக்கி நகர்கின்றன. சில இனங்களில் கடைசியில் சந்திக்கின்றன, சிலவற்றில் சந்திப்பதே இல்லை. தாழ்நிலத் தாபிர் மற்றவற்றின் பாதையில் கூடுதல் தூரம் போகவில்லை. தொடக்கத்திலேயே வேறு பாதையில் புறப்பட்டுவிட்டது. முகட்டின் உயரத்தை வளர்ந்த விலங்கில் அளந்து அட்டவணை போடுவதால் இந்த உண்மை ஒருபோதும் வெளிவந்திருக்காது.

வயதோடு மட்டும் தோன்றும் இன்னோர் அடையாளம் பெயர்டு தாபிரில் உண்டு. மூக்கின் நடுத்தடுப்பு குட்டியில் கசியிழையமாக (குருத்தெலும்பாக) இருக்கிறது. வளர்ந்த விலங்கில் அது பெருமளவு என்பாக மாறி, மூக்கென்புகளுக்கு முன்னாலும் நீண்டு நிற்கிறது. 1865இல் இந்த விலங்குக்குப் பெயரிட்டவர் இதைத் தனிப் பேரினமாகவே கருதினார். இந்த இனத்தின் இளம் மண்டையோடு ஒன்று உயிர்ச்சுவடாகக் கிடைத்து, அந்தத் தடுப்பைத் தேடினால் காணமாட்டோம். இல்லையென்று எழுதிவிடுவதற்கு முன் பல்லைப் பார்க்கவேண்டும்.

தும்பிக்கை பற்றியும் ஒரு சொல். அது என்பில்லாத உறுப்பு, உயிர்ச்சுவடாக மிஞ்சாது. ஆனால் அது இருந்ததற்கான இடம் மிஞ்சும்: தாபிரின் மூக்கென்பு குறுகி, மூக்குத் துவாரத்தின் விளிம்பு கண்குழிக்கு மேலே வரை பின்வாங்கியிருக்கிறது. இயோசின் காலத்தின் தொடக்கத்தில், ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், வாழ்ந்த ஆதி உறவினங்களில் இந்தப் பின்வாங்கல் இல்லை. பின்னர் வந்தவற்றில் படிப்படியாகத் தெரிகிறது.

வாசிப்பைக் குழப்புபவை

ஒரு விலங்கு ஒரு மண்டையோட்டைத்தான் விட்டுச்செல்கிறது. அதே விலங்கைக் குட்டியாகவும் வளர்ந்ததாகவும் அளக்க முடியாது. ஆகவே நாம் வரையும் வளர்ச்சிக் கோடு பல விலங்குகளிலிருந்து தைத்து எடுத்தது. அதிலும் இளம் மண்டையோடு ஒவ்வொன்றும் வளராமலே இறந்த விலங்கினுடையது. நோயாலோ உணவின்மையாலோ இறந்திருந்தால் அதன் வளர்ச்சி ஏற்கெனவே பின்தங்கியிருந்திருக்கலாம். வளர்ந்து பெரிதானவற்றின் இளமை உருவம் அதேதான் என்று எடுத்துக்கொள்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது.

வாழும் இனங்களில் வயது தெரிந்த விலங்குகள் வேண்டுமென்றால் மிருகக்காட்சிசாலைகளை நாடவேண்டும். அங்கே பிறந்த திகதியும் இறந்த திகதியும் பதிவாகியிருக்கும். ஆனால் மென்மையான உணவில் வளர்ந்த விலங்கின் தாடையும் தசை ஒட்டும் வரம்புகளும் காட்டு விலங்கினுடையதைப் போல இராது. சிங்கங்களில் இது நன்றாகத் தெரிந்த விடயம். உயிர்ச்சுவடுகளிலோ வேறு தொல்லை: குட்டியின் என்பு மெல்லியது, பொருத்துகள் ஒட்டாதவை, மண்ணின் பாரத்தில் கழன்று சிதறும் அல்லது நசுங்கும். கிரேயின் மண்டையோடுகளிலேயே பல தட்டையாக அழுந்தியவை. அழுந்திய மண்டையோட்டில் அகலத்தை அளந்தால் மண்ணின் எடையையும் சேர்த்து அளக்கிறோம். பற்கள் மட்டும் அவ்வளவு எளிதில் உருக்குலைவதில்லை.

நம் நாட்டின் நிலை இந்த இடத்தில்தான் உறைக்கிறது. கொழும்பு கறுவாத்தோட்டத்தில் இருக்கும் இயற்கை வரலாற்று நூதனசாலைக்கு மாணவர்களை அழைத்துப் போகும்போது இரத்தினபுரியின் அழிந்த விலங்குகளைப் பற்றிச் சொல்லாமல் திரும்புவதில்லை. 1939இல் தெரணியகல இலங்கைச் சிங்கத்துக்குப் பெயரிட்டது குருவிட்டவில் கிடைத்த பற்களை வைத்துத்தான். காண்டாமிருகங்களிலிருந்தும் பெரும்பாலும் பற்களும் என்புத் துண்டுகளுமே கிடைத்திருக்கின்றன. இவற்றிலிருந்து அந்த விலங்கு இங்கே வாழ்ந்தது என்று சொல்லலாம். எந்த இனத்துக்கு நெருங்கியது என்று ஓரளவு சொல்லலாம். அது சிறியதாக இருந்ததா, இருந்தால் எந்தப் பருவத்தில் வளர்ச்சி நின்றது, அதன் குட்டி இந்தியக் காண்டாமிருகத்தின் குட்டியிலிருந்து வேறுபட்டதா என்று சொல்ல வழியில்லை. வரைபில் ஒரே ஒரு புள்ளி இருக்கும்போது படித்திறன் கேட்கக்கூடாது.

மாணிக்கக் குழியில் சரளையை அரித்துக் கல் தேடுபவர்களின் கைக்கு இப்படியான என்புகள் வந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. தெரணியகலவின் சேகரிப்பு அங்கிருந்துதான் வந்தது. அடுத்து வருவது பாற்பல் பதிந்த ஒரு தாடைத் துண்டாக இருந்தால், அதன் பின்னாலுள்ள குழிக்குள் வெளிவராத கடைவாய்ப்பல் ஒன்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.